மலிவு விலை எல்.இ.டி. சைக்கிள் லைட்டைச் சோதிப்பதும் மாற்றுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்போவது ஹேண்டில்பாரில் ரப்பர் பட்டை போட்டு மாட்டுகிற சின்ன லைட்டைப் பற்றி. உள்ளே ஒரே ஒரு வெள்ளை எல்.இ.டி., ஒரு லித்தியம் பேட்டரி, யு.எஸ்.பி. சார்ஜிங், மேலே ஒரு பட்டன். கம்பெனி பெயர் ஞாபகத்தில் நிற்காது. பெட்டியில் உள்ள எண்கள் மட்டும் நிற்கும். அப்படி ஒன்றை வாங்கி, அளந்து, பிரித்து, மாற்றி, இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கீழே உள்ள கேள்விகளில் பாதி மற்றவர்கள் கேட்டவை. மீதி நானே தடுமாறிய இடங்கள்.

பெட்டியில் 1000 லூமன் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

பெட்டியை வைத்தே சரிபார்க்கலாம், கருவி எதுவும் வேண்டாம். என் லைட்டின் பெட்டியில் மூன்று எண்கள் இருந்தன: 1000 லூமன் வெளிச்சம், 6 மணி நேரம் எரியும், 2000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி, அதாவது 2 ஆம்பியர் மணி) பேட்டரி.

லித்தியம் பேட்டரியின் சராசரி வோல்டேஜ் 3.7. அதை 2 ஆம்பியர் மணியோடு பெருக்கினால் 7.4 வாட் மணி. இதுதான் மொத்தக் கையிருப்பு. 6 மணி நேரம் எரிய வேண்டுமென்றால் 1.2 வாட்டுக்கு மேல் செலவு செய்ய முடியாது. இந்த விலையில் வருகிற வெள்ளை எல்.இ.டி. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். ஆக 120 லூமன். லென்ஸிலும் முன் கண்ணாடியிலும் போவதைக் கழித்தால் அதுவும் குறையும்.

1000 லூமன் வேண்டுமானால் 10 வாட் வேண்டும். 10 வாட்டில் இந்த பேட்டரி முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. மூன்று எண்களில் எது பொய் என்று பெட்டி சொல்லாது, ஆனால் மூன்றும் ஒன்றாக உண்மையாக இருக்க வழியே இல்லை.

சரி, எவ்வளவு லூமன் இருந்தால் போதும்?

தெருவிளக்கு உள்ள சாலையில் நீங்கள் பார்ப்பதைவிட, மற்றவர்கள் உங்களைப் பார்ப்பதுதான் தேவை. அதற்கு 100 லூமன் தாராளம். கும்மிருட்டுச் சாலைக்கு 300 முதல் 400 வரை உண்மையான லூமன் இருந்தால் போதும் என்பது என் கணக்கு. ஆனால் அது சாலையில் விழ வேண்டும், மரத்தின் உச்சியில் அல்ல.

மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 5.6 மீட்டர். பள்ளத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி. அதற்குள் 8 மீட்டருக்கு மேல் போய்விடும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 5 மீட்டர். ஆக 13, 14 மீட்டர் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும். லைட்டிடம் கேட்க வேண்டியது இதைத்தான். 5 மீட்டருக்குள் பளீரென்று அடித்துவிட்டு அப்பால் இருட்டாக விடுகிற லைட் கண்ணைக் கூசவைக்கும், பள்ளத்தைக் காட்டாது.

லூமன் வேறு, லக்ஸ் வேறா?

லூமன் என்பது லைட்டிலிருந்து கிளம்புகிற மொத்த வெளிச்சம். லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் வந்து விழுகிற வெளிச்சம். தூரம் இரட்டிப்பானால் லக்ஸ் கால் பங்காகும். 1 மீட்டரில் 1000 லக்ஸ் காட்டுகிற லைட், 10 மீட்டரில் 10 லக்ஸ்தான் காட்டும். சாலைக்கு லக்ஸ் முக்கியம், விளம்பரத்துக்கு லூமன்.

சோதிக்க என்னென்ன கருவி வேண்டும்?

ஒரு மல்டிமீட்டர், லக்ஸ் காட்டும் செயலி உள்ள போன், அளவு நாடா, இருட்டறை, கடிகாரம். போனின் லக்ஸ் எண் துல்லியமானது இல்லை. ஆனால் அதே போன், அதே இடம், அதே தூரம் என்று வைத்துக்கொண்டால், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட நன்றாகவே உதவும். 2 மீட்டர் தள்ளி வைத்து அளக்கிறேன்; பக்கத்தில் வைத்தால் சில போன்களில் சென்சார் எண் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாமல் நின்றுவிடுகிறது. 2 மீட்டரில் வருவதை நான்கால் பெருக்கினால் 1 மீட்டர் அளவு.

நடுப்புள்ளியை மட்டும் அளந்தால் மொத்த வெளிச்சம் தெரியாது. அதற்கு இன்னொரு வழி: வெள்ளைக் கூரை உள்ள சின்ன அறையில் லைட்டை நிமிர்த்தி வைத்து, கூரையில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தைப் போனில் படியுங்கள். லென்ஸை மாற்றும்போது இந்த அளவுதான் ஏமாற்றாது.

கரண்ட் எப்படி அளப்பது? மீட்டர் ஏதோ குறைவாகக் காட்டுகிறதே?

பின்மூடியைக் கழற்றினால் பேட்டரியின் பின்முனை தெரிகிற வகையாக இருந்தால் வேலை சுலபம். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பின்பக்கத்திலும், இன்னொன்றை உடல் அலுமினியத்தின் பூச்சில்லாத விளிம்பிலும் வைத்துப் பட்டனை அழுத்துங்கள். மூடி செய்கிற வேலையை மீட்டர் செய்யும்.

இங்கேதான் நான் ஒரு சாயங்காலத்தை வீணாக்கினேன். வயரை மில்லி ஆம்பியர் துளையில் செருகியிருந்தேன். 0.4 ஆம்பியர் என்று காட்டியது. லைட் மோசம் என்று முடிவே கட்டிவிட்டேன். அப்புறம் 10 ஆம்பியர் துளைக்கு மாற்றியதும் 0.82. மில்லி ஆம்பியர் பக்கத்தில் மீட்டருக்குள்ளேயே கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது. 4 வோல்ட் லைட்டில் அது பெரிய முட்டுக்கட்டை. நீளமான மெல்லிய வயரும் இதையே செய்யும். எப்போதும் 10 ஆம்பியர் துளை, குட்டையான தடித்த வயர்.

0.82 ஆம்பியர் வைத்துக் கணக்குப் போடலாம். பேட்டரி 4.1 வோல்ட், ஆக வெளியே போவது 3.4 வாட். எல்.இ.டி.யின் இரண்டு முனையிலும் அளந்தால் 3.1 வோல்ட், அதாவது அது தின்பது 2.5 வாட். மீதி 0.8 வாட்டுக்கு மேல் ஒரு குட்டி ரெசிஸ்டரைச் சூடாக்குவதில் போகிறது. 2.5 வாட்டுக்கு 250 லூமன், லென்ஸ் கழிவு போக 200 பக்கம். 1000 லூமன் பெட்டிக்குள் 200 லூமன் லைட். எனக்கு வருத்தமில்லை, 200 ஒன்றும் மோசமில்லை.

எவ்வளவு நேரம் எரிகிறது என்பதை எப்படிச் சோதிப்பது?

முழுவதும் சார்ஜ் செய்து, உச்ச அளவில் எரியவிட்டு, 10 நிமிடத்துக்கு ஒரு முறை லக்ஸைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு மின்விசிறி ஓடட்டும். சைக்கிளில் போகும்போது காற்று குளிர்விக்கும். மேசையில் அசையாமல் கிடந்தால் லைட் அநியாயத்துக்குச் சூடாகும், சோதனையே தப்பாகும்.

டார்ச்களுக்கு எஃப்.எல். 1 என்று ஒரு அமெரிக்கத் தரம் இருக்கிறது, 2009இல் வந்தது. அதன்படி லைட்டைப் போட்ட 30 வினாடிக்குப் பிறகு உள்ள வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எரியும் நேரமாகக் கணக்கு வைப்பார்கள். நேர்மையான கம்பெனி சொல்கிற 6 மணி நேரத்திலும் கடைசி 3 மணி நேரம் மினுக்கட்டாம் பூச்சியாக இருக்கலாம் என்று அர்த்தம். எனக்கு வேண்டியது பாதி வெளிச்சமாகக் குறைய எவ்வளவு நேரம் என்பது. என் லைட் வாங்கிய நிலையில் அதை ஒரு மணி நேரத்துக்குள் தொட்டுவிட்டது.

தொடங்கியதும் பளிச்சென்று எரிந்து, 10 நிமிடத்தில் மங்குகிறது. பேட்டரி கோளாறா?

பெரும்பாலும் சூடு. எல்.இ.டி.க்குப் போகிற மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் மாறுகிறது. அந்த வெப்பம் வெளியேறாவிட்டால் எல்.இ.டி. மங்கும், ஆயுளும் குறையும். ஐந்து நிமிடம் எரியவிட்டு உடலைத் தொட்டுப் பாருங்கள். கதகதப்பாக இருந்தால் நல்லது, வெப்பம் வெளியே வருகிறது. வெளிச்சம் குறைந்தும் உடல் சில்லென்று இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். வெப்பம் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் முதலில் மாற்ற வேண்டியது வெப்பம் வெளியேறுகிற வழியா?

அதுதான். வேறு எதைத் தொடும் முன்னும் அதுதான்.

என் லைட்டின் முன்வளையத்தைத் திருகிக் கழற்றியபோது லென்ஸ் கையோடு வந்தது. அடியில் ஸ்டார் என்று சொல்லப்படும் அறுகோண அலுமினியத் தகடு, 20 மில்லிமீட்டர் அகலம், நடுவில் கடுகளவு மஞ்சள் எல்.இ.டி. தகட்டை நகத்தால் நெம்பினேன், தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. அடியில் வெள்ளை தெர்மல் பேஸ்ட் (வெப்பம் கடத்துகிற பசை) நடுவில் ஒரு பொட்டு, அதுவும் காய்ந்து வெடித்திருந்தது. தகடு உட்கார்ந்திருந்த மேடையில் கடைசல் வேலையின் வட்ட வட்டக் கோடுகள். நகத்தை ஓட்டினால் தடதடவென்று தட்டுப்பட்டது. தகடு மேடையைத் தொட்டதே அந்தக் கோடுகளின் உச்சியில் மட்டும்தான். மற்ற இடமெல்லாம் காற்று.

செய்ய வேண்டியது அரை மணி நேர வேலை. மேடையை 400 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 1000 வரை தேய்த்துச் சமன் செய்யுங்கள். தகட்டின் அடியையும் கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்துத் தேய்க்கலாம். பொடியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, தெர்மல் பேஸ்டை அடியில் உள்ள உலோகம் மங்கலாகத் தெரிகிற அளவு மெல்லிசாகத் தடவுங்கள். நிறையத் தடவினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். பேஸ்ட் காற்றைவிட மேல், அலுமினியத்தைவிட ரொம்பக் கீழ். பள்ளத்தை நிரப்ப மட்டுமே அது. பிறகு இரண்டு சின்னத் திருகாணி போட்டு இறுக்குங்கள். திருகாணியின் தலை வயர் ஒட்டிய இடத்தைத் தொடக் கூடாது.

உடலே பிளாஸ்டிக் என்றால்? அலுமினியம் பிளாஸ்டிக்கைவிடச் சுமார் 1000 மடங்கு நன்றாக வெப்பம் கடத்தும். பிளாஸ்டிக் உடலுக்குள் தடித்த அலுமினியத் துண்டு ஒன்றை வைத்தால் சூடாவது தள்ளிப்போகும், நிற்காது. அங்கே கரண்டைக் குறைப்பது ஒன்றே வழி.

கரண்டைக் கூட்டினால் வெளிச்சம் கூடும் அல்லவா? எல்லாரும் அதைத்தானே செய்கிறார்கள்?

கூடும், ஆனால் கூடுகிற அளவு ஏமாற்றும். க்ரீ நிறுவனத்தின் எக்ஸ்எம்-எல் வகை எல்.இ.டி.யை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு தரப் பிரிவில் 700 மில்லி ஆம்பியருக்குச் சுமார் 280 லூமன். 3 ஆம்பியர் கொடுத்தால் சுமார் 900. கரண்ட் நான்கு மடங்குக்கு மேல், வெளிச்சம் மூன்று மடங்கு சொச்சம். நல்ல குளிர்ச்சியில் வைத்து எடுத்த கணக்கு அது. சின்ன உடலுக்குள் அதுவும் கிடைக்காது. போதாததற்கு நம் கண் வேறு இரண்டு மடங்கு வெளிச்சத்தை இரண்டு மடங்காக உணராது. "கொஞ்சம் கூடியிருக்கோ?" என்றுதான் தோன்றும். பேட்டரி காலியாவதில் மட்டும் எந்தச் சந்தேகமும் இருக்காது.

நான் செய்தது நேர் எதிர், கரண்டைக் குறைத்தேன். இந்த லைட்டுக்கு நான் செய்ததிலேயே உருப்படியான மாற்றம் அதுதான்.

எப்படிக் குறைப்பது?

எல்.இ.டி.க்குப் போகிற கரண்டைக் கட்டுப்படுத்துகிற சின்ன மின்பலகையான டிரைவர் போர்டைப் பாருங்கள். மலிவான லைட்டில் அது ஒரு ரூபாய் நாணய அளவுதான் இருக்கும்: ஒரு சின்ன ஐ.சி., ஒரு டிரான்சிஸ்டர், பக்கத்தில் ஒன்றோ இரண்டோ மூன்றோ கருப்பு ரெசிஸ்டர். ரெசிஸ்டர்கள் அடுத்தடுத்து இணையாக இருந்தால் ஒன்றைக் கழற்றினாலே கரண்ட் குறையும்.

ஆனால் ரெசிஸ்டர் முறைக்கே ஒரு குறை உண்டு. என் லைட்டில் மொத்தம் 1.2 ஓம். பேட்டரி 4.1 வோல்ட், எல்.இ.டி. 3.1. வித்தியாசம் 1 வோல்ட், 1.2 ஆல் வகுத்தால் 0.83 ஆம்பியர், அளந்ததோடு பொருந்துகிறது. பேட்டரி 3.6க்கு இறங்கும்போது எல்.இ.டி. 2.95 பக்கம் வரும். வித்தியாசம் 0.65 வோல்ட், கரண்ட் 0.54. பேட்டரியில் இன்னும் நிறைய மிச்சமிருக்கும்போதே வெளிச்சம் இறங்க ஆரம்பித்துவிடுகிறது.

அதனால் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு ஏ.எம்.சி. 7135 என்ற ஐ.சி. இரண்டை வைத்தேன். ஒவ்வொன்றும் 350 மில்லி ஆம்பியரை நிலையாக விடும். இரண்டு இணையாக வைத்தால் 700. மூன்று கால்தான். ஒன்று பேட்டரி பாசிட்டிவுக்கு, ஒன்று நெகட்டிவுக்கு, ஒன்று எல்.இ.டி.யின் நெகட்டிவ் முனைக்கு. தான் இயங்க 0.12 வோல்ட் இருந்தால் போதும் அதற்கு. ஆகவே பேட்டரி 3.2 வோல்ட் பக்கம், ஏறக்குறைய காலியாகும் வரை, வெளிச்சம் ஒரே மாதிரி நிற்கும். மிச்ச வோல்டேஜை வெப்பமாக விடுவதில் இதுவும் ரெசிஸ்டர் ஜாதிதான், எனவே இதன் நடுக்காலும் உலோகத்தை நன்றாகத் தொட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: லைட்டில் பல வெளிச்ச அளவுகள், பிளாஷ் எல்லாம் பட்டனில் மாறுமானால், போர்டில் முதலிலிருந்தே இருக்கும் அந்தச் சின்ன ஐ.சி.தான் அதை நடத்துகிறது. 7135இன் பாசிட்டிவ் காலை பேட்டரிக்குப் பதில் அந்த ஐ.சி.யின் வெளியீட்டுக்கு இணைத்தால் அளவுகள் அப்படியே வேலை செய்யும்; ஆனால் எல்.இ.டி.யை எரியவைக்க வெளியீடு நெகட்டிவுக்கு இறங்குகிற வகை என்றால் இது நடக்காது. முதலில் மீட்டரில் பாருங்கள்.

போன் கேமராவில் பார்த்தால் வெளிச்சம் கோடு கோடாக ஓடுகிறது. பழுதா?

இல்லை. குறைந்த அளவுகளில் எல்.இ.டி.யை வேகமாக அணைத்து அணைத்துப் போடுகிறார்கள். அந்த வேகம் போதாவிட்டால் மழைத்துளிகளும் சக்கரத்தின் கம்பிகளும் விட்டு விட்டுத் தெரியும். தொல்லையாக இருந்தால் உச்ச அளவிலேயே ஓட்டுங்கள்; கரண்டைக் குறைத்த லைட்டுக்கு அது கட்டுபடியாகும்.

எல்.இ.டி.யையே மாற்றலாமா?

அதே 20 மில்லிமீட்டர் ஸ்டாரில் நல்ல எல்.இ.டி. கிடைத்தால் மாற்றலாம். வெள்ளையின் நிறச் சாயலை கெல்வின் எண்ணில் சொல்வார்கள்; நீலம் பாய்ந்த 6500 கெல்வினுக்குப் பதில் 4000 முதல் 5000 வரை எடுங்கள். ஈரச் சாலையின் மேடு பள்ளம் என் கண்ணுக்கு அதில் நன்றாகப் பிரிந்து தெரிகிறது. எல்.இ.டி. லென்ஸின் மையத்தில் உட்காரவில்லை என்றால் ஒளி வட்டம் கோணலாகும். பெரிய எல்.இ.டி. போட்டால் அதே லென்ஸில் வட்டம் விரிந்து, தூரம் குறையும்.

எதிரே வருபவர்கள் திட்டுகிறார்கள். என்ன செய்வது?

திட்டுவதில் நியாயம் இருக்கிறது. டார்ச் லென்ஸ் ஒளியை வட்டமாக விடுகிறது. வட்டத்தின் கீழ்ப் பாதி சாலைக்கு, மேல் பாதி எதிரே வருபவரின் கண்ணுக்கு. ஜெர்மனியில் வாகன விதி 67ஆம் பிரிவின்படி சைக்கிள் விளக்கு எதிரே வருபவரைக் கூசவைக்கக் கூடாது; அங்கே அனுமதி பெற்ற விளக்குகளின் ஒளி, மேலே கத்தியால் வெட்டியதுபோல நிற்கும்.

நிறையப் பேர் செய்வது, லென்ஸின் மேல் பாதியில் கருப்பு டேப் ஒட்டுவது. நானும் ஒட்டினேன். பலனில்லை. அந்த வகை லென்ஸில் ஒவ்வொரு பகுதியும் முழு வட்டத்துக்கும் ஒளி அனுப்புகிறது, ஆகவே பாதியை மூடினால் முழு வட்டமும் மங்குமே தவிர மேல் பாதி மறையாது.

பலன் தருபவை மூன்று. முதலாவது சாய்வு, செலவே இல்லை. லைட் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால், சுவருக்கு 5 மீட்டர் முன்னால் சைக்கிளை நிறுத்துங்கள். சுவரில் விழும் நடுப்புள்ளி அரை மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். சாலையில் அது 10 மீட்டரில் விழும். வட்டத்தின் மேற்பகுதி அதற்கு அப்பாலுள்ள நான்கைந்து மீட்டரைப் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது, நீள்வட்ட லென்ஸ். 20 மில்லிமீட்டர் ஸ்டாருக்கே பொருந்துகிற மாதிரி, ஒரு பக்கம் குறுகலாகவும் இன்னொரு பக்கம் அகலமாகவும் விரிக்கிற லென்ஸ்கள் உண்டு. அகலம் படுக்கைவசமாக இருக்கும்படி திருப்பி மாட்டினால் சாலையின் இரண்டு ஓரமும் தெரியும், வானம் தெரியாது. மூன்றாவது, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் குடை, தொப்பியின் நுனிபோல. நடு ஒளியை அது தடுக்காது, பக்கவாட்டில் சிதறி மேலே போவதைத் தடுக்கும். உங்கள் கண்ணுக்கும் அது நிம்மதி.

பேட்டரியைப் பெரிதாக்கலாமா? 9900 எம்ஏஎச் போட்ட 18650 பார்த்தேன்.

18650 என்பது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த அளவில் நல்ல கம்பெனிகளின் உச்சமே 3500 எம்ஏஎச் பக்கம்தான். 9900 என்று அச்சடித்திருந்தால் தராசில் வையுங்கள். நல்ல செல் 45 கிராம் பக்கம் இருக்கும். போலி பல சமயம் அதைவிட லேசாக இருக்கும்.

சார்ஜ் பகுதியில் பெரும்பாலும் டி.பி. 4056 என்ற ஐ.சி. இருக்கும். அதன் கரண்டை ஒரே ஒரு ரெசிஸ்டர் முடிவு செய்கிறது: 1.2 கிலோ ஓம் என்றால் 1 ஆம்பியர், 2 கிலோ ஓம் என்றால் 580 மில்லி ஆம்பியர். சின்ன பேட்டரி இருக்கும் லைட்டில் 1 ஆம்பியர் வைத்திருந்தால் 2 கிலோ ஓமுக்கு மாற்றிவிடுங்கள்.

செல்லின் மேல் நேரடியாக சால்டர் செய்யவே கூடாது. நிக்கல் பட்டை ஒட்டி வருகிற செல்லை வாங்கி, பட்டையில் சால்டர் செய்யுங்கள். பாதுகாப்பு போர்டு (செல் அளவுக்கு மீறிக் காலியாகாமல் தடுக்கிற சின்னப் பலகை) இல்லாத செல்லை, பாதுகாப்பு இல்லாத டிரைவரோடு சேர்க்காதீர்கள். உப்பிய செல், 2 வோல்ட்டுக்குக் கீழே போன செல் இரண்டுக்கும் மறுவாழ்வு கொடுக்க நினைக்க வேண்டாம். வேலை செய்யும்போது செல்லைக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள்.

மழைக்குத் தாங்குமா என்று எப்படிப் பார்ப்பது?

ஐ.பி.எக்ஸ் 4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், ஐ.பி.எக்ஸ் 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். எண்ணை நம்பாமல், பேட்டரியை எடுத்துவிட்டு உள்ளே டிஷ்யூ காகிதத்தைச் சுருட்டி வைத்து, ஷவருக்குக் கீழே ஐந்து நிமிடம் காட்டுங்கள். காகிதம் எங்கே நனைந்திருக்கிறதோ அங்கேதான் ஓட்டை. என்னுடையதில் யு.எஸ்.பி. துளையின் ரப்பர் மூடி.

ரப்பர் வளையங்களுக்கு சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும். ஓட்டையை அடைக்க சிலிக்கான் பசை வேண்டுமென்றால் வினிகர் வாசம் அடிக்கிற வகையை வாங்காதீர்கள். அந்த ஆவி செம்பை அரிக்கும். வாசம் இல்லாத நியூட்ரல் வகை உண்டு. அதையும் முழுவதும் காயவிட்டு மூடுங்கள்.

பள்ளத்தில் இறங்கினால் அணைந்து அணைந்து எரிகிறது.

ஸ்பிரிங். இழுத்து நீட்டிவிடுங்கள். தொடுமுனைகளை ரப்பர் அழிப்பானால் தேயுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் ஸ்பிரிங்கின் உச்சியிலிருந்து அடி வரை மெல்லிய பின்னல் வயர் ஒன்றை சால்டர் செய்யுங்கள். ஸ்பிரிங் அமுங்க வயருக்குத் தொய்வு வேண்டும்.

பின்விளக்கில் மாற்ற ஏதாவது உண்டா?

அதிகமில்லை. சிவப்பு பிளாஸ்டிக்குக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. வைத்திருந்தால் மட்டும் சிவப்பு எல்.இ.டி.யாக மாற்றுங்கள், பிளாஸ்டிக் விழுங்குகிற வெளிச்சம் மிச்சமாகும். சிவப்புக்கு 2 வோல்ட் போதும், ஆகவே ரெசிஸ்டரையும் கணக்குப் போட்டு மாற்ற வேண்டும்.

எல்லாம் செய்தபின் உங்கள் லைட்டில் என்ன வித்தியாசம்?

போட்ட உடனே பார்த்தால் முன்பைவிட ஒரு நூல் குறைவு. 0.82 ஆம்பியர் இருந்த இடத்தில் 0.7தானே. பத்து நிமிடத்திலேயே பழைய நிலையை மிஞ்சிவிடுகிறது, ஏனென்றால் பழையது அதற்குள் சூட்டில் மங்கியிருக்கும். 2000 எம்ஏஎச் என்று போட்டிருந்த பேட்டரி அளந்தால் 1500 பக்கம்தான் தந்தது, 0.7 ஆம்பியரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஒரே சீராக எரிகிறது. அதற்கப்புறம் சட்டென்று விழுகிறது, மெல்ல மங்கி எச்சரிக்கை செய்வதில்லை. ஆகவே பின்விளக்கு போக, பையில் சின்ன டார்ச் ஒன்றும் இருக்கிறது.

எந்த லைட்டில் கையே வைக்கக் கூடாது?

பசை போட்டு மூடிய பிளாஸ்டிக் உடல், உள்ளே தட்டையான பை மாதிரி பேட்டரி. பிரிக்க ஸ்குரூ டிரைவரால் நெம்பும்போது நுனி பேட்டரியில் குத்தினால் தீப்பிடிக்கும். அப்படி ஒன்று என்னிடமும் இருக்கிறது. அதைச் செயின் கழன்றால் வெளிச்சம் காட்ட மட்டும் வைத்திருக்கிறேன்.